அத்தியாயம் 6: எழுத்துக்குக் காசு தரும் தளங்கள் – இரண்டு மனதோடு நுழைகிறவர்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்துப் பிள்ளைகளிடம் இணையத்தில் எழுதுவது பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "எழுதினா டொலர்ல காசு வருமாமே, மெய்தானா அண்ணே?"

மெய்தான். ஸ்டீமிட், ஹைவ் ஆகிய தளங்களில் நீங்கள் எழுதியதற்கு மற்றவர்கள் வாக்களித்தால் ஒரு வெகுமதி உங்கள் கணக்கில் சேரும். ஆனால் கணக்குத் திறந்த சில நாட்களிலேயே மனம் இரண்டாகிவிடும். பொகவந்தலாவைப் பனியைப் பற்றி எழுதியதை முகம் தெரியாத ஒருவர் படித்துவிட்டு நாலு வரி பதில் போடும்போது வருகிற மகிழ்ச்சி ஒரு பக்கம். இது ஏமாற்று வேலையோ என்ற சந்தேகம், காசுக்காக எழுதுகிறோமோ என்ற கூச்சம், மற்றவருக்குப் பத்து டொலர் விழும்போது நமக்குச் சதக்கணக்கில் விழுகிற ஏமாற்றம், தோட்டத்தைப் பற்றி எழுதினால் வீட்டுக்குப் பிரச்சினை வருமோ என்ற பயம் மறுபக்கம்.

இவற்றில் எதுவும் தேவையற்ற உணர்வு அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விகளை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வருமானத்தை நம்பி நுழையாதீர்கள். எழுதிப் பழகவும், வாசகரைத் தேடிக்கொள்ளவும், மலையகத்தைப் பற்றி மலையகத்தார் எழுதியவை பெருகவும் நுழையுங்கள். அப்படி நுழைந்தால் வருகிற காசு எவ்வளவானாலும் மனம் உடையாது.

1. சந்தேகம்: இந்தக் காசு எங்கிருந்து வருகிறது?

ஸ்டீமிட் தளத்தை நெட் ஸ்காட், டான் லாரிமர் என்ற இருவர் 2016இல் தொடங்கினார்கள். பிளொக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டின் மேல் அது இயங்கியது. அந்தப் பேரேடு நாள்தோறும் புதிய நாணயங்களை உருவாக்கும். அதில் ஒரு பெரும்பங்கை எழுதியவர்களுக்கும் வாக்களித்தவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். வெகுமதியின் மூலம் இதுதான். விளம்பரக்காரர் உங்கள் எழுத்துக்குத் தருகிற கூலி அல்ல. அந்த நாணயத்தைச் சந்தையில் ஒருவர் வாங்க முன்வரும் வரைதான் அதற்குப் பெறுமதி.

அந்தப் பெறுமதி எப்படி ஆடும் என்பதற்கு ஸ்டீமிட்டின் நாணயமான ஸ்டீமின் கதையே சாட்சி. 2018 ஜனவரியில் ஒரு ஸ்டீம் ஏறக்குறைய 8 டொலர் வரை போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரை டொலருக்கும் கீழே விழுந்தது. நவம்பரில் ஸ்டீமிட் நிறுவனம் தன் ஊழியர்களில் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2020 பெப்ரவரியில் ட்ரான் நாணயத்தின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட்டை வாங்கினார். அதை ஏற்காத பயனர்கள் 2020 மார்ச் 20 அன்று பிரிந்துபோய் ஹைவ் என்ற தனிப் பேரேட்டைத் தொடங்கினார்கள். புதிதாக வருகிறவர்கள் பீக்டி, இசென்சி ஆகிய முகப்புகள் வழியாக ஹைவில் சேரலாம். ஆகவே கீழே வருகிற கணக்கை ஹைவை வைத்தே சொல்கிறேன்.

இது பிரமிட் திட்டமா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆள் சேர்த்தால் பங்கு, பணம் போட்டால் இரட்டிப்பு என்று சொல்லித் தோட்டங்களில் உழைத்த காசைப் பறித்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். மத்திய வங்கி அவற்றைப் பெயர் குறிப்பிட்டே அறிவித்திருக்கிறது. ஹைவில் எழுத ஆள் சேர்க்கவும் வேண்டாம், பணம் போடவும் வேண்டாம். கட்டணமில்லாமல் கணக்குத் திறக்க வழி உண்டு. யாராவது "முதல்ல இவ்வளவு போடு தம்பி, பிறகு எழுது" என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

2. ஏமாற்றம்: ஒரு நாட்சம்பளம் எடுக்க எவ்வளவு வேண்டும்?

உங்கள் பதிவின் கீழே 1.20 டொலர் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுதும் உங்களுக்கு இல்லை. ஏழு நாள் கழிந்த பிறகுதான் கணக்கு முடியும். பாதி, வாக்களித்தவர்களுக்குப் போகும். மீதி 60 சதத்தில், வழக்கமான அமைப்பின்படி, பாதி எச்.பி.டி. என்ற நாணயமாக வரும். அது ஏறத்தாழ ஒரு அமெரிக்க டொலருக்குச் சமமாக இருக்கும்படி அமைக்கப்பட்டது. மற்றப் பாதி ஹைவ் பவர் என்ற பூட்டிய பங்காகச் சேரும். அந்தப் பங்கை எடுக்க வேண்டுமானால் 13 வாரங்களில் தவணை தவணையாகத்தான் எடுக்க முடியும். ஆக 1.20 டொலர் காட்டிய பதிவில் உடனே கைக்கு எட்டுவது 30 சதம்.

இதை நம் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் அது நாலரை டொலர். நாலரை டொலர் உடனே கைக்கு வர உங்கள் பதிவு 18 டொலர் காட்ட வேண்டும். புதியவர் ஒருவரின் பதிவுக்கு அது மிக அரிதாகவே நடக்கும். சில சதங்கள்தான் இயல்பு. 2 சதத்துக்கும் குறைந்தால் அதுவும் சேராது. ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்திருந்தால் போதும், பாதி ஏமாற்றம் இல்லாமல் போய்விடும்.

அடுத்தது, வாக்குகள் ஒன்றுக்கொன்று சமமல்ல. ஒருவர் எவ்வளவு ஹைவ் பவர் வைத்திருக்கிறாரோ அவ்வளவு கனம் அவருடைய வாக்குக்கு. உங்கள் நண்பர்கள் நூறு பேர் புதுக் கணக்கிலிருந்து வாக்களித்தாலும் ஒரு சதம் வராமல் போகலாம். பெரும்பங்கு வைத்திருப்பவர் ஒருவர் தொட்டுவிட்டுப் போனால் சில டொலர் ஏறும். நம் பிள்ளைகளுக்கு மனம் வலிக்கிற இடம் இதுதான். கொழுந்து மடுவத்தில் கிலோவுக்குக் கிலோ கணக்குப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தராசில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழித்தாலும், பறித்த கொழுந்துக்கும் எழுதுகிற கிலோவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தத் தளத்தில் உழைப்பை நிறுக்கிற தராசு கிடையாது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதற்கு மூன்று சதமும், ஒரு சூரிய உதயப் படத்துக்கு ஆறு டொலரும் விழலாம். அதை உங்கள் எழுத்தின் தரத்துக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழுத்து தேறுகிறதா என்று பார்க்க வேறு அளவுகள் உண்டு. படித்தவர் ஒருவர் கேள்வி கேட்டாரா? அதே ஆள் அடுத்த பதிவுக்கும் வந்தாரா? உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது "அப்படி இல்லடா, இப்படித்தான்" என்று திருத்தினாரா? இந்த மூன்றும் டொலரைவிடச் சரியாகச் சொல்லும்.

3. கூச்சம்: காசுக்கு எழுதலாமா?

எழுத்தும் அதற்குப் பரிசும் மலையகத்துக்குப் புதிதல்ல. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் தொழிலாளருக்காகப் பாட்டும் துண்டுப் பிரசுரமும் சிறு நூலுமாக அச்சிட்டுத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனார்கள். 1960களில் வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகள் லயத்துப் பிள்ளைகளைப் பேனா பிடிக்க வைத்தன. பரிசு பெற்ற கதைகள் பிறகு 'கதைக் கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன. பரிசு இருந்ததால் அந்தக் கதைகளின் நேர்மை குறைந்துவிடவில்லை. பரிசு ஒரு அழைப்பாக இருந்தது; எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதினார்கள்.

கூச்சப்பட வேண்டியது வேறு இடத்தில். எது ஓடுகிறது என்று பார்த்து, நமக்குச் சம்பந்தமில்லாத நாணயச் சந்தைக் கணிப்பையும் வெற்றிக்கு வழிகளையும் எழுதத் தொடங்கும்போதுதான் கூச்சப்பட வேண்டும். விக்கிப்பீடியாவிலிருந்து வெட்டி ஒட்டுவதும், செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததைத் தன் பெயரில் போடுவதும் இந்தத் தளங்களில் பெருங்குற்றம். கண்டுபிடித்தால் எதிர்வாக்குப் போட்டு வெகுமதியை இல்லாமலாக்குவார்கள். கணக்கின் நற்பெயரும் போய்விடும். ஒருமுறை போன பெயரைத் திரும்ப எடுப்பது கடினம்.

4. எதை எழுதுவது?

உங்களிடம் இருப்பது வேறு யாரிடமும் இல்லை. இதை நம்புங்கள். சிலோன் தேயிலையைப் பற்றி எழுதிய வெளியூர்க்காரர்கள் ஆயிரம் பேர். கொழுந்து கிள்ளுகிற விரலின் பக்கத்திலிருந்து எழுதியவர்கள் மிகச் சிலர்.

ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறேன். "தேயிலைத் தொழிலாளரின் வாழ்க்கை மிகவும் கடினமானது, அவர்கள் மழையிலும் வெயிலிலும் உழைக்கிறார்கள்" என்று எழுதினால் அதை யாரும் எழுதியிருக்கலாம். இதைப் பாருங்கள்: "பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது அம்மா தராசைப் பார்க்கமாட்டார். கணக்கப்பிள்ளையின் பேனாவைத்தான் பார்ப்பார். எத்தனை கிலோ கழிந்தது என்று அந்தப் பேனாவில்தான் தெரியும்." இதை எழுத மடுவத்தில் நின்றிருக்க வேண்டும். வாசகர் நின்று படிப்பது இந்த இடத்தில்தான்.

தொடங்குவதற்குச் சில பொருள்கள்:

• விடியற்காலைப் பிரட்டுக் களம்: யார் எந்த மலைக்கு என்று எப்படிப் பிரிக்கிறார்கள்.
• பறிக்கும்போது தேயிலைச் செடியின் மேல் வைக்கிற மட்டக்கம்பு எதற்கு. இடுப்பில் கட்டுகிற படங்கை எப்படிக் கட்டுகிறார்கள். மழைநாளில் அட்டைக்கு என்ன பூசுகிறார்கள்.
• கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகு வீட்டுக்கு வருகிற கதை.
• உலகம் குடிக்கிற தேயிலைக்கும் காம்பராவில் ஊற்றுகிற சாயத்துக்கும் உள்ள வேறுபாடு.
• மாசி மாதக் காமன் கூத்து: உங்கள் தோட்டத்தில் யார் ரதி, யார் மன்மதன், பயிற்சி எங்கே நடக்கிறது.
• டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாதம் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களால் ஹட்டன் பஸ் நிலையமும் மஸ்கெலியா பாதையும் எப்படி மாறுகின்றன.
• கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன அண்ணன்மார் தீபாவளிக்கு ஊர் திரும்புவது.

ஒரு பதிவுக்கு ஒரு பொருள் போதும். தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். 2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, நம் முன்னோர் வந்த பாதையைப் பற்றிக் கேட்க நாட்டில் எத்தனை காதுகள் இருக்கின்றன என்று தெரிந்தது. கேட்கிற காதுகளுக்குச் சொல்லக் கூடிய நினைவுகள் வயதானவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. இந்த வேலையை உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் எவரும் இல்லை.

5. எந்த மொழியில்?

கனமான வாக்குகளை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் வாசிக்காதவர்கள். ஆகவே ஆங்கிலத்தில் எழுதினால்தான் எடுபடும் என்ற எண்ணம் வரும். தமிழை விடாதீர்கள். முதலில் தமிழில் முழுமையாக எழுதுங்கள். அதன் கீழே உங்களால் முடிந்த எளிய ஆங்கிலத்தில் அதையே சுருக்கமாகச் சொல்லுங்கள். ஒரே பதிவில் இரண்டு மொழி போடுவது இத்தளங்களில் வழக்கமான காரியம். வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி வெளியுலகுக்குக் காட்டினார். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தமிழில் தொகுத்தும் வைத்தார். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை.

நெரை, பிரட்டு, கொந்தரப்பு, பிள்ளை மடுவம் போன்ற தோட்டத்துச் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதி, முதல்முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

6. பயம்: எழுதக் கூடாதவை

பேஸ்புக்கில் போட்டதை அழித்துவிடலாம். பிளொக்செயினில் போட்டது அழியாது. திருத்தினாலும் பழைய வடிவம் பேரேட்டில் இருக்கும். தோட்டத்து வீட்டில் இதற்குத் தனிக் கனம் உண்டு. குடியிருக்கும் காம்பராவும் அப்பா அம்மாவின் வேலையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. ஆகவே:

• தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம் மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். "மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம்" என்றால் போதும்.
• துரை, கங்காணி, தலைவர் என்று ஒரு தனி ஆளின் மேல் குற்றம் சொல்லும் பதிவை இங்கே போடாதீர்கள். அதற்குத் தொழிற்சங்கமும் தொழில் திணைக்களமும் உண்டு. அங்கே எழுத்தில் கொடுங்கள்.
• மலையில் நிற்கிற அக்காமாரைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். எங்கே போடப் போகிறீர்கள், காசு வரலாம் என்பதையும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் கையையும் கூடையையும் மட்டும் எடுங்கள்.
• சிறு பிள்ளைகளின் முகம் வேண்டாம்.
• கோபத்தில் எழுதியதை ஓர் இரவு போனிலேயே வைத்திருந்து, காலையில் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

7. சாவியும் காசும்

கணக்குத் திறக்கும்போது ஒரு நீண்ட கடவுச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சில சாவிகளும் கிடைக்கும். அதைத் தொலைத்தால் புதிதாக அனுப்பி வைக்க எந்த அலுவலகமும் இல்லை. இரண்டு தாளில் எழுதுங்கள். தகரக் கூரை ஒழுகும் என்பதால் பொலித்தீன் உறையில் போட்டு ஒன்றை அடையாள அட்டைப் பிரதிகளோடும், மற்றதை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். போனில் எடுத்த படத்தை மட்டும் நம்பாதீர்கள். போன் ஒருநாள் திருத்தும் கடைக்குப் போகும்.

தினமும் எழுதுவதற்குப் போஸ்டிங் சாவி போதும். காசை நகர்த்துவது ஆக்டிவ் சாவி. அதைக் கொமியுனிகேஷன் கடைக் கணினியில் ஒருபோதும் தட்டாதீர்கள். "உங்கள் பதிவுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இங்கே நுழையுங்கள்" என்று வருகிற இணைப்புகள் அந்தச் சாவிக்குத்தான் குறிவைக்கின்றன.

காசாக மாற்றுவதிலும் தெளிவு வேண்டும். மெய்நிகர் நாணயம் இலங்கையில் சட்டபூர்வமான பணம் அல்ல என்று மத்திய வங்கி பலமுறை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. இங்கே வழங்கப்பட்ட கடன் அட்டை, டெபிட் அட்டைகளை அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை என்றும் அறிவித்திருக்கிறது. முகம் தெரியாத ஒருவருக்கு நாணயத்தை அனுப்பிவிட்டு அவர் ரூபா போடுவார் என்று காத்திருப்பதில் இரட்டை ஆபத்து: அவர் போடாமல் விடலாம், அவர் போடுகிற பணம் களவுப் பணமாகவும் இருக்கலாம். அப்படியானால் பொலிஸ் விசாரணை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். எனவே ஆரம்பத்தில் வருகிறதைப் பங்காகவே தளத்தில் விட்டுவிடுங்கள். பங்கு கூடினால் உங்கள் வாக்குக்கும் சிறிது கனம் வரும். அதை வைத்து இன்னொரு மலையகப் பிள்ளையின் எழுத்தைத் தூக்கிவிடலாம். எடுக்க நினைக்கும் நாளில் மத்திய வங்கியின் அப்போதைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

நேரான வங்கி வழியில் காசு வேண்டுமானால், உங்கள் சொந்தத் தளத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் அட்சென்ஸ் உண்டு. 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. 100 டொலர் சேர்ந்தால்தான் அனுப்பும். அதற்கு முன்பே, 10 டொலர் சேரும்போது, முகவரியை உறுதிசெய்ய ஒரு இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்பும். லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதங்கள் தோட்டக் கந்தோர் வழியே வருகிற இடங்களில் அந்தக் கடிதம் தவறிப்போகலாம். கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்த, தபால்காரர் நேரடியாக வருகிற உறவினர் முகவரியை முதலிலேயே கொடுங்கள்.

8. முதல் மூன்று மாதத்துக்கு ஒரு திட்டம்

1. முதல் வாரம் எழுதாமல் வாசியுங்கள். பிடித்த ஐந்து பேரைத் தெரிந்தெடுத்து அவர்கள் எழுதியதற்கு மனதார நாலு வரி பதில் எழுதுங்கள். புதியவரைப் பிறர் அறிவது இப்படித்தான்.
2. கணக்குப் பெயரை யோசித்து வையுங்கள். பிறகு மாற்ற முடியாது.
3. அறிமுகப் பதிவில் உங்கள் ஊரையும் எழுதப் போகிற பொருளையும் சொல்லுங்கள். வறுமையைச் சொல்லி வாக்குக் கேட்காதீர்கள்.
4. வாரம் ஒரு பதிவு. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போகுமுன் போனில் முழுதும் எழுதி முடித்துவிடுங்கள், டேட்டா மிஞ்சும்.
5. ஒவ்வொரு பதிவின் பிரதியையும் உங்களிடம் வைத்திருங்கள். தளம் கைமாறலாம், பிரியலாம் என்பதை 2020 காட்டியது; மூடவும் கூடும்.
6. ரீலோட் செலவு எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று மாதக் கடைசியில் எழுதிப் பாருங்கள். சொந்தப் பணத்தில் நாணயம் வாங்காதீர்கள்.
7. மூன்று மாதம் முடிந்ததும் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எழுத்து தேறியிருந்தால் தொடருங்கள். வாக்குக் கணக்கைப் பார்ப்பதிலேயே நேரம் போயிருந்தால் நிறுத்திவிடுங்கள், நிறுத்துவதில் வெட்கமில்லை.

நிறுத்தினாலும் எழுதியவை உங்களோடு இருக்கும். நல்ல பன்னிரண்டு பதிவுகள் சேர்ந்தால் அது ஒரு சிறு நூலின் தொடக்கம். பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களுக்கு அனுப்பலாம். நூலாக வந்தால், 2005 முதல் ஈழத்துத் தமிழ் எழுத்தைச் சேர்த்துவரும் நூலகம் மின்னூலகத்துக்கும் கொடுக்கலாம். இன்னும் ஐம்பது வருடம் கழித்து நம் தோட்டங்களைப் பற்றித் தேடுகிறவர், அங்கே பிறந்து வளர்ந்தவர் எழுதியதைப் படிக்க வேண்டும். அதற்காக இந்த வாரமே உட்கார்ந்து முதல் பதிவை எழுதுங்கள்.